மின்வெட்டே இல்லாத பதினொரு வீடுகள்

அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று, "உங்க வீட்ல எத்தனை ஃபேன் ஓடுது?" என்று கேட்பதும் ஒரு தொழில்தான்; அதற்கும் சம்பளம் தருகிறார்கள், நாய் கடித்தால் ஊசிக்கு மட்டும் நாமே போய்க்கொள்ள வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கு, வாக்காளர் பட்டியல், சொட்டு மருந்து என்று ஏதாவது ஒரு காரணத்துக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர்களே, உங்களுக்குப் புதிதாக நான் எதுவும் சொல்லப்போவதில்லை. நீங்கள் பார்த்த அதே வெயில், நீங்கள் கேட்ட அதே "ஆம்பளைங்க வூட்ல இல்ல, அப்பறம் வா". என் கையில் இருந்தது மட்டும் கொஞ்சம் புதுசு. ஒரு செல்போன், அதற்குள் ஒரு வரைபடம். வீட்டின் முன் நின்று கேள்வி கேட்டுப் பதிலை அடித்தால், அந்த வீடு படத்தில் ஒரு புள்ளியாக விழும். கரண்டு விஷயத்தில் கஷ்டப்படுகிற வீடு சிவப்பு, சுமாரான வீடு மஞ்சள், சுகமான வீடு பச்சை. சிவப்பு அதிகம் விழுந்த இடத்துக்குப் புதுக் கம்பம், புது டிரான்ஸ்பார்மர். பச்சைக்கு ஒன்றும் கிடையாது.

உத்திரமேரூரும் சுற்றியுள்ள சில ஊர்களும் என் பங்குக்கு வந்தன. அதில் ஓர் ஊரில், ஏரிக்கரையை ஒட்டி, பதினொரு இருளர் குடும்பங்கள் கரண்டே இல்லாமல் குடியிருந்தார்கள். வேறு யாருக்குக் கிடைக்கிறதோ இல்லையோ, அந்தப் பதினொரு வீட்டுக்கும் லைன் வந்தாக வேண்டும் என்று முதல் நாளே மனசுக்குள் முடிவு செய்துகொண்டேன். அதைக் கெடுக்கப் பார்த்ததும் நானேதான். அந்த மானக்கேட்டையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

லிப்ட் எவ்வளவு நேரம் நிற்கிறது?

எங்கள் படிவம் நகரங்களுக்காகத் தயாரானது. பெரிய ஊர்களில் யார் வீட்டில் காற்று வருகிறது, யார் வீட்டில் புழுங்குகிறது என்று தெருத் தெருவாகப் பார்ப்பதற்கு எழுதிய கேள்விகள். அதையே அப்படியே தூக்கி எங்கள் பக்கமும் அனுப்பிவிட்டார்கள். ஆகவே ஓட்டு வீட்டுக்காரரிடமும் "எத்தனாவது மாடியில் குடியிருக்கிறீர்கள்?" என்று கேட்டாக வேண்டும். கேட்காமல் தாண்டினால் அடுத்த கேள்வி திறக்காது.

உத்திரமேரூர் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் இட்லிக்கடை போட்டிருக்கும் சரோஜா அம்மாள், மாவு கரைத்தபடியே எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். மாடிக் கேள்வியைப் பொறுத்துக்கொண்டார். "கரண்டு போனா உங்க லிப்ட் எவ்ளோ நேரம் நிக்குது?" என்றதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எனக்கே வெட்கமாகிவிட்டது. "ஃபாரத்துல கீதும்மா, நான் இன்னா பண்றது" என்று அவர் பேச்சுக்கே இறங்கிக் கெஞ்சினேன். இரண்டு இட்லியை இலையில் வைத்து என் பக்கம் தள்ளிவிட்டு அவர் சொன்னது இது: "மொதல்ல நாஷ்டா துன்னு. அப்பறம் போயி ஒரு மாடி கட்டிக் குட்த்துட்டு வா. லிப்ட் நிக்குதா ஓடுதான்னு நானே வந்து சொல்றேன்."

புடவை போர்த்திய விருந்தாளி

நம் ஊரில் கணக்கெடுக்க வருகிறவர் ஒன்று எதையோ கொடுக்க வந்திருப்பார், இல்லை கொடுத்ததைப் பிடுங்க வந்திருப்பார். இரண்டுக்கும் பொருந்துகிற ஒரே பதில் "எங்ககிட்ட ஒண்ணும் இல்ல" என்பதுதான். ஒரு தெருவில் நான் ஸ்கூட்டியை நிறுத்துவதற்குள்ளேயே செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. ஃபிரிட்ஜ் உள்ள வீட்டுக்கு மாசா மாசம் வருகிற உதவித்தொகை நின்றுவிடுமாம்! நான் எவ்வளவு சத்தியம் செய்தும் பயனில்லை. அந்தத் தெருவில் ஒரு வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது.

கடைசி வீட்டில், கூடத்து மூலையில் ஆளுயரத்துக்கு எதுவோ நின்றது. அதற்கு ஒரு பழைய பட்டுப்புடவை போர்த்தி, மேலே சாமி படம் வைத்து, பூவும் சார்த்தியிருந்தார்கள். புடவைக்குள்ளிருந்து 'உர்' என்று சத்தம் வந்துகொண்டிருந்தது. "ஃபிரிட்ஜா? எங்களுக்கு ஏதும்மா" என்று அந்த அம்மா கையை விரித்தார். ஆனால் வெயிலில் வந்த பெண்ணை வெறும் வாயோடு அனுப்ப மனசு வரவில்லை. புடவையை ஒதுக்கி, கதவைத் திறந்து, சில்லென்று ஒரு சொம்பு மோரை எடுத்து நீட்டினார். நீட்டிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. நான் மோரை முழுசாகக் குடித்துவிட்டு நிமிர்வதற்குள் பதில் தயாராக இருந்தது: "இது எங்களுது இல்ல மேடம். பொண்ணு கல்யாணத்துக்குக் குடுக்க வாங்கி வச்சது. ஓடுதா இன்னான்னு சும்மா போட்டுப் பாத்துக்கினு கீறோம், மூணு வருசமா."

மில்காரரின் துயரம்

எல்லோரும் ஒளிக்கிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. அந்த ஏரிக்கரை ஊரிலேயே அரிசி மில் வைத்திருக்கும் ஏகாம்பரம் என்னை வாசலுக்கே வந்து வரவேற்றார். எங்கள் பக்கத்தில் அவருடையது பெரிய வீடு. எப்போது கரண்டு போனது, எப்போது வந்தது, எப்போது விளக்கு மங்கியது என்று நோட்டுப் போட்டுத் தேதிவாரியாக எழுதி வைத்திருந்தார். கேள்விக்கு ஒரு பதில் போதும் என்றால் அவர் மூன்று சொன்னார். என் செல்போனில் அவர் வீடு மஞ்சளாகி, கண்ணெதிரே சிவந்துகொண்டே போனது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்தத் தெருவில் லோ வோல்டேஜ் நிஜமாகவே உண்டு, மனிதரும் நல்லவர். கிளம்பும்போது வாசல்வரை வந்து, பக்கத்தில் யாரும் இல்லையா என்று பார்த்துவிட்டு, தன் மனக்குறையைக் கொட்டினார்: "மூணு ஏசியில ரெண்டுதான் ஒயுங்கா ஓடுது மேடம். ஒரு மனுசன் எப்பிடித்தான் வாய்றது, சொல்லு."

புளியமரம்தான் தெரிகிறது

தனசேகர் என்று ஒரு தம்பி. காஞ்சிபுரம் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நாங்கள் அனுப்புவதையெல்லாம் படமாக்குகிறவர். கெட்டிக்காரர். மேலிருந்து எடுத்த படத்தைப் பார்த்தே இது ஓடு, இது தகரம், இது தளம் என்று சொல்லிவிடுவார். உத்திரமேரூர் பக்கம் ஒரு நாள்கூட வந்ததில்லை. நான் ஏரிக்கரைக் குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்து முதல் வீட்டைப் பதியப் பார்த்தால், இங்கே கட்டடம் இல்லை என்று செல்போன் அடம்பிடித்தது. தனசேகரைக் கூப்பிட்டேன். "மேடம், நீங்க நிக்கற எடத்துல வெறும் புளியமரம்தான் இருக்கு. வழி தவறிட்டீங்க" என்றார் மிகவும் பரிவாக.

நான் நின்றது விஜயா வீட்டு வாசலில். தென்னங்கீற்றுக் கூரைமேல் நீலத் தார்ப்பாய், அதற்கும் மேல் புளியமரக் கிளை. விஜயாவுக்கு முப்பது வயசுக்குள்தான் இருக்கும். களையெடுப்பு, நடவு என்று கூலிக்குப் போகிறவள். இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை, அதன் கழுத்தெல்லாம் வேர்க்குரு. ஊர்க் கம்பம் மதகோடு நின்றுவிடுகிறது, அவர்கள் வீடு அங்கிருந்து கூப்பிடு தூரம். நிலம் புறம்போக்கு, அதனால் வீட்டு எண் கிடையாது. எண் இல்லாததால் கரண்டு கேட்டு எழுதிக்கொடுத்த மனு இரண்டு முறை திரும்பி வந்திருக்கிறது. செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற மில்காரர் வீட்டு மோட்டார் கொட்டகைக்குத்தான் போகிறார்கள். போனில் நடந்த பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த விஜயா என் கையிலிருந்து அதை வாங்கி, தனசேகருக்குச் சொன்னாள்: "யாரு சார் அது, வூடு இல்லன்றது? வந்து ஒரு வேள உள்ள குந்திட்டுப் போ. அப்பறம் சொல்லு, இது வூடா மரமான்னு."

முட்டை

தனசேகர் ஒருவழியாக அந்த இடத்தை என் செல்போனில் திறந்துவிட்டார். பதினொரு வீட்டையும் அன்றே முடித்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். அங்கேதான் வந்தது வினை. இணைப்பே இல்லாத வீடு ஒன்று உலகத்தில் இருக்கும் என்று படிவம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை. மீட்டர் யாருடையது என்ற கேள்விக்கு இருந்த பதில்கள் நான்கு: சொந்த மீட்டர், வீட்டுக்காரர் மீட்டர், பொது மீட்டர், பிற. நான் 'பிற' என்று தட்டினேன். மாதத்தில் எத்தனை முறை மின்வெட்டு? விஜயா, "அது ஒண்ணும் இல்ல மேடம்" என்றாள். காலியாக விட்டால் செல்போன் சேமிக்காது. பூஜ்ஜியம் போட்டேன். லோ வோல்டேஜ் எத்தனை முறை? பூஜ்ஜியம். கருகிப்போன சாமான்? பூஜ்ஜியம். லைன்மேனை எத்தனை முறை கூப்பிட்டீர்கள்? பூஜ்ஜியம்.

பதினொரு வீட்டுக்கும் இதே கதை. வீட்டுக்கு நாலு நிமிடம்கூட ஆகவில்லை. இவ்வளவு வேகமாக ஒரு தெருவை முடித்ததே இல்லை என்று எனக்கு உள்ளூரப் பெருமை வேறு. தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த விஜயாதான் முகம் சுளித்தாள்: "எல்லாத்துக்கும் முட்டையே போட்டுக்கினு போறியே, நான் பெயிலு ஆயிடப் போறேன் மேடம்."

முதல் பரிசு

அவள் பெயிலாகவில்லை. முதல் வகுப்பில் பாஸ் செய்துவிட்டாள், அதுதான் கொடுமை. பத்து நாள் கழித்துப் படம் தயாரானது. மில்காரர் தெரு ரத்தச் சிவப்பு. கடைத்தெருப் பக்கம் மஞ்சள். ஏரிக்கரையில், புளியமரத்தின் மேலேயே, பதினொரு பச்சைப் புள்ளி. நாற்று விட்ட வயலில்கூட அப்படி ஒரு பச்சையை நான் பார்த்ததில்லை.

எங்கே தப்பு நடந்தது என்று எனக்கு உடனே புரிந்துவிட்டது. குறை சொல்லத் தெரிந்தவர் வீடெல்லாம் சிவப்பு. குறை சொல்ல வழியே இல்லாதவர் வீடு பச்சை. அப்படிப் போட்டது கம்ப்யூட்டர் இல்லை, என் விரல். அனுப்பிய பதிலை நான் திருத்தவும் முடியாது. அடுத்த வாரம் ஒன்றிய அலுவலகத்தில் மீட்டிங். அன்றே எந்தெந்த இடத்துக்கு லைன் என்று முடிவாகிவிடும். இந்தச் சுற்றில் விட்டால் அடுத்த சுற்று எப்போது என்று யாருக்கும் தெரியாது. இதையெல்லாம் சொல்லி அழலாம் என்று தனசேகரைக் கூப்பிட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்: "மேடம், கங்கிராட்ஸ்! உங்க ஏரியாவுலயே அதுதான் டாப். மின்வெட்டே இல்லாத பதினோரு வீடு, ஆபீஸ்ல எல்லாரும் ஆச்சரியப்படறாங்க."

ஒரு நாளும் போனதில்லை

மீட்டிங்குக்கு விஜயாவை அழைத்துக்கொண்டு போனேன். அன்றைய களையெடுப்புக் கூலியை விட்டுவிட்டு, குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வழியெல்லாம் என் தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தேன். "வுடு மேடம், பேஜார் பண்ணாத" என்று ஸ்கூட்டியின் பின்னாலிருந்து அவள்தான் எனக்குத் தைரியம் சொன்னாள். முன் வரிசையில் மில்காரர் நோட்டோடு உட்கார்ந்திருந்தார். திரையில் படம் பெரிதாக விழுந்தது. நான் எழுந்து, அந்தப் பச்சை என் தவறு என்றேன். கூட்டத்தை நடத்திய அதிகாரி என்னைக் கையமர்த்திவிட்டு, பக்கத்திலிருந்த விஜயாவைக் கேட்டார்: "உங்க பக்கம் மின்வெட்டு இல்லைன்னு பதிவாகியிருக்கே, சரியா?" விஜயா எழுந்து நின்று, "சரிதான் சார். ஒரு நாளும் போனது இல்ல" என்றாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு முடித்தாள்: "வந்தாத்தான சார் போறதுக்கு?"

கூட்டம் சிரித்து அடங்க நேரமாயிற்று. அதிகாரி சிரிக்கவில்லை. படம் போட்டவரே நேரில் போய்ப் பார்த்து எழுதிக் கொடுக்கட்டும், அந்த இடத்தைப் பட்டியலில் சேர்க்கிறேன், வீட்டு எண்ணுக்கும் தாலுகா ஆபீஸில் சொல்கிறேன் என்றார். மில்காரர் பக்கம் திரும்பி, லைன் இரண்டு இடத்துக்குப் போதாமல் போனால் என்ன செய்யலாம் என்று தயங்கினார். மில்காரர் நோட்டை மூடிவிட்டு எழுந்தார். அவர் வாழ்க்கையிலேயே பெரிய தியாகம் அதுவாகத்தான் இருக்கும்: "அவங்களுக்கே மொதல்ல போடு சார். எங்கொட்டாயில அவங்க செல்லுங்க தொங்கறதப் பாத்துக்கினுதான கீறேன். ஆனா என்னிய மறந்துடாத."

நாற்காலி

தனசேகர் வந்தார். சித்திரை மாதம், பகல் ஒரு மணி, புது சட்டை. பஸ்ஸிலிருந்து இறங்கி ஏரிக்கரைமேல் நடந்து வருவதற்குள்ளேயே பாதி ஆளாகிவிட்டார். குனிந்து விஜயா வீட்டுக்குள் நுழைந்தவரை, மூலையில் இருந்த ஒரு அட்டைப் பெட்டியின் மேல் உட்காரச் சொன்னார்கள். நாற்காலி என்று அங்கே வேறு எதுவும் இல்லை. தார்ப்பாயின் சூடு தலைமேல் இறங்கியது. ஐந்து நிமிடத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த படிவத்தாலேயே விசிறிக்கொண்டு, குழந்தையின் வேர்க்குருக் கழுத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அதுவும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தாங்க முடியாமல், "ஒரு ஃபேன்கூட கிடையாதா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதும் தன் கேள்வி எவ்வளவு அபத்தம் என்று அவருக்கே தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். விஜயா கோபப்படவில்லை. முன்பு ஒரு முறை ரேஷன் கார்டுக்கெல்லாம் இலவச மின்விசிறி கொடுத்தார்களே, அது இவர்கள் குடும்பத்துக்கும் வந்திருக்கிறது. அது அவர்களுக்கு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பெட்டியைப் பிரிக்கக்கூட இல்லை. ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள்: "ஃபேன் கீது சார். அதும் மேலதான் நீ குந்திக்கினு கீறே."

தனசேகர் சட்டென்று எழுந்து நின்றுவிட்டார். பிறகு பதினொரு வீட்டுக்குள்ளும் குனிந்து போய் உட்கார்ந்து எழுந்தார், ஒன்றைக்கூட விடவில்லை. அன்று ஆபீஸுக்குத் திரும்பியதும் படிவத்தில் 'இணைப்பே இல்லை' என்று ஒரு புதுக் கட்டத்தைச் சேர்த்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். அவர் சொன்னது இது: "மேடம், இனிமே மரத்தைப் பாத்தா அடியில யாரு இருக்காங்கன்னு உங்களக் கேட்டுட்டுத்தான் படம் போடுவேன்."

ஒரு வசவு

லைன் உடனே வந்துவிடவில்லை. வீட்டு எண் வர ஆடி ஆயிற்று. கம்பம் வந்து இறங்கிய வாரம் மழை பிடித்துக்கொண்டது. வண்டி ஏரிக்கரைச் சேற்றில் சிக்கி, விஜயாவின் ஆட்களே கயிறு கட்டி இழுத்தார்கள். ஐப்பசிக்குள் பதினொரு வீட்டிலும் மீட்டர் ஏறியது. அன்று நான் அங்கே இல்லை. தாமல் பக்கம் வேறொரு தெருவில் நின்று, யாரிடமோ லிப்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். விஜயா போன் செய்து நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். செய்யவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், மறைக்க மாட்டேன்.

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மத்தியானம், சோற்றில் கை வைத்த நேரத்தில் போன் அடித்தது. எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே விஜயா பொரிந்து தள்ளினாள். நடுவில் நான் ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுக்கவில்லை. பதினாறு வருடமாக இந்த மாதிரி வேலைகளில் எத்தனையோ வசவு வாங்கியிருக்கிறேன். வாங்கிக்கொண்டே சிரித்து, சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டது அன்றைக்கு மட்டும்தான். அவள் சொன்னதை ஓர் எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்: "இன்னா மேடம் நீ, கரண்டு போயி ஒரு மணி நேரமாவுது, கொயந்த வேர்த்து வேர்த்து அயுவுது, நீ பாட்டுக்கு வூட்ல குந்திக்கினு கீறே, நாங்க யாரத்தான் கேக்கறது?"

ஆகவே, என்னைப் போல வாசல் வாசலாக நிற்கிறவர்களே, கரண்டு போனதற்கு யாராவது உங்களைப் பிடித்துத் திட்டினால் மனம் நோகாதீர்கள்: திட்டுகிற வீட்டில் ஒரு மீட்டர் இருக்கிறது.